இரண்டாம் முறை படியெடுத்த பெட்டி கேம்கள்

பழைய கணினி கேம்கள், 71 பெட்டிகள். உள்ளே 58 பிளாப்பி, 96 சிடி, 22 டிவிடி. அத்தனையையும் இமேஜாக (வட்டு முழுவதையும் கொண்ட கணினிக் கோப்பு) படியெடுத்து, ஒவ்வொரு கேமையும் அந்த இமேஜிலிருந்தே நிறுவி ஓட்டிப் பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. மூன்று வட்டுகள் மட்டும் பாக்கி.

இதே வேலை முன்பே ஒருமுறை ‘முடிந்தது’. அந்தச் சுற்றில் எல்லாச் சிடிக்கும் ஐஎஸ்ஓ (டேட்டாவை மட்டும் கொள்ளும் இமேஜ் வகை) எடுத்து ஹார்ட் டிஸ்கில் போட்டு, பெட்டிகளை அலமாரியில் ஏற்றியாயிற்று. பிறகு ஓட்டிப் பார்த்தபோது 96 சிடியில் 41-க்கு எடுத்த இமேஜ் உதவாது என்று தெரிந்தது. 17 கேம்களில் இசை வரவில்லை. 19 கேம்கள் ‘அசல் வட்டைப் போடு’ என்று கேட்டுக்கொண்டே நின்றன. மீதி ஐந்தில் படிக்க முடியாத செக்டர்கள் (வட்டு பிரிக்கப்படும் சிறு துண்டுகள்) இருந்த இடத்தை மென்பொருள் சத்தமில்லாமல் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டிருந்தது. கீழே இருப்பது இரண்டாம் சுற்றின் பதிவு. முதல் சுற்றின் தவறுகளும் அந்தந்த இடத்தில் வரும்.

தரம் பிரித்தல்

பெட்டிக்குள் இருப்பது எந்த வகை என்று தெரியாமல் டிரைவைத் திறப்பது நேர விரயம். பிளாப்பி, சிடி, டிவிடி என்று பிரிப்பதைவிட, ‘இந்த வட்டு தனியாக நின்று கேமை ஓட்டுமா’ என்று பிரிப்பது பயன்பட்டது. 2004 நவம்பரில் வந்த ஹாஃப்-லைஃப் 2 பெட்டியில் வட்டு இருந்தும் ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் கணக்கு இல்லாமல் ஓடாது. 2008-இல் வந்த ஸ்போர், இணையம் வழியாக அனுமதி கேட்டது. முதலில் மூன்று கணினிக்கு மேல் கொடுக்காது என்ற வரம்பும் இருந்தது. 2014-இல் வந்த தி க்ரூ முழுக்கவும் சர்வரை நம்பிய கேம். 2024 மார்ச் 31-இல் சர்வர் நின்றது, வட்டும் நின்றது. இப்படிப்பட்டவற்றுக்கும் இமேஜ் எடுத்தேன், ஆனால் கடைசியில். உள்ளே வெறும் டவுன்லோடு குறியீட்டுச் சீட்டு மட்டும் இருக்கும் பெட்டிகளுக்கு ஸ்கேன் போதும்.

வட்டு எதற்கு, எல்லாம்தான் டவுன்லோடில் கிடைக்கிறதே என்பவர்களுக்கு இரண்டு எடுத்துக்காட்டு. குவேக் 1996-இல் சிடியில் வந்தபோது பின்னணி இசை வட்டின் ஆடியோ ட்ராக்குகளில் இருந்தது; டிஜிட்டல் விற்பனைக்கு வந்த பிறகு பல ஆண்டுகள் அந்த இசை இல்லாமலேதான் அது விற்றது. ஜிடிஏ 4-இல் உரிமம் முடிந்த பாடல்கள் 2018-இல் அப்டேட் வழியாக நீக்கப்பட்டன. வட்டில் இருப்பதை அப்படி யாரும் வந்து அழிக்க முடியாது. வட்டு தானாகக் கெட்டால்தான் உண்டு, அதற்குத்தான் இந்த வேலை.

கருவிகள்

வேறுவேறு தயாரிப்பைச் சேர்ந்த இரண்டு உள்ளக ஆப்டிகல் டிரைவ்கள், சாட்டா கேபிளில் நேராக மதர்போர்டுடன். முதல் சுற்றில் யூஎஸ்பி அடாப்டர் வழியாக இணைத்தது ஒரு தவறு. பல அடாப்டர் சிப்புகள் வட்டை மூலவடிவில் படிக்கும் கட்டளைகளைக் கடத்துவதில்லை. டிரைவ் நல்லதாக இருந்தாலும் சப்சேனல் (டேட்டாவோடு சேர்ந்து ஓடும் துணைத் தகவல்) குப்பையாக வரும், அல்லது டிரைவே காணாமல் போகும். ஒரு டிரைவ் படிக்காத செக்டரை மற்றது படிப்பது அடிக்கடி நடக்கிறது. அதனால் இரண்டு டிரைவ் ஆடம்பரமில்லை.

பிளாப்பிக்கு 34 பின் கேபிள் போடும் பழைய உள்ளக டிரைவ், 3.5 அங்குலம் ஒன்று, 5.25 அங்குலம் ஒன்று. அவற்றை யூஎஸ்பியோடு சேர்க்க கிரீஸ்வீசில் என்ற மின்சுற்றுப் பலகை. 3.5 டிரைவுக்குப் பெரும்பாலும் 5 வோல்ட் போதும், 5.25-க்கு 12 வோல்ட்டும் தேவை என்பதால் பழைய கணினி பவர் சப்ளை ஒன்றும் மேசையில் இருந்தது.

மற்றவை: 99 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், நார் உதிராத பஞ்சுக் குச்சி, மைக்ரோஃபைபர் துணி, சிறிய டார்ச், 10 மடங்கு உருப்பெருக்கும் லூப், படுக்கை ஸ்கேனர், ஈரப்பத மானி.

பிளாப்பி

காந்தப் பூச்சு நாளுக்கு நாள் பலவீனமாகும் என்பதால் இதையே முதலில் எடுத்தேன். 3.5 அங்குல எச்டி (உயர் அடர்த்தி) வட்டு என்றால் 80 தடம், 2 பக்கம், தடத்துக்கு 18 செக்டர், செக்டருக்கு 512 பைட். மொத்தம் 14,74,560 பைட். இமேஜ் சரியாக அந்த அளவில் இல்லையென்றால் அங்கேயே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதல் சுற்றின் பெரிய தவறு இங்கேதான். விண்டோஸ் 98 ஓடும் பழைய கணினியில், எழுதுதடை போடாமல் வட்டுகளைச் செருகிப் படித்தேன். விண்டோஸ் 95-உம் 98-உம் எழுதுதடை இல்லாத பிளாப்பியைத் தொட்டாலே பூட் செக்டரில் (வட்டின் முதல் செக்டர்) ஓஇஎம் பெயர் இருக்கும் எட்டு பைட்டைத் தன் அடையாளக் குறியால் மாற்றி எழுதும். கடைசி மூன்று எழுத்து ‘ஐ-ஹெச்-சி’ என்று முடியும். கேம் கெடாது, ஆனால் வட்டு அசலாக இருக்காது. ஹேஷ் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) வேறு எவருடைய பிரதியோடும் பொருந்தாது. 11 வட்டுகள் இப்படிப் போயின. 3.5 வட்டில் மூலைத் துளை திறந்திருந்தால்தான் எழுதுதடை. 5.25-இல் நேர்மாறு: பக்கவாட்டுப் பிளவை ஒட்டி மூட வேண்டும். சில வெளியீட்டாளர்கள் 3.5-இல் தள்ளும் தகடே வைக்காமல் துளையை நிரந்தரமாகத் திறந்து விட்டிருக்கிறார்கள். அந்த வட்டுகள் தப்பித்தன.

செருகும் முன் தகட்டை விலக்கி, நடு உலோகத்தை விரலால் சுற்றிக்கொண்டே டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். வெண்புள்ளி, மங்கல் வளையம் தெரிந்தால் பூஞ்சை. பஞ்சுக் குச்சியில் ஆல்கஹால் தொட்டு, அழுத்தாமல், வட்டைச் சுற்றிச் சுற்றித் துடைத்து, பத்து நிமிடம் காயவிட்டுத்தான் செருகினேன். பூஞ்சை வட்டு ஒன்றைப் படித்த பிறகு ஹெட்டையும் துடைக்க வேண்டும். துடைக்காமல் அடுத்ததைப் போட்டதில் ஒரு வட்டின் 0-ஆம் தடத்தில் வளையமாகப் பூச்சு உரிந்தது. கீச்சென்று ஒலி கேட்ட நொடியே வெளியே எடுத்திருக்க வேண்டும். இரண்டாவது முயற்சி செய்து பார்த்தது தவறு.

கிரீஸ்வீசில் காந்த மாற்றங்களையே பதிவு செய்கிறது, செக்டர்களைப் பிரிப்பது பிறகுதான். தடத்துக்கு 5 சுற்று வைத்தேன். நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் ஒரு சுற்று 0.2 நொடி, 160 தடப்பக்கத்துக்கு 160 நொடி, ஹெட் நகரும் நேரத்தையும் சேர்த்தால் வட்டுக்கு மூன்று நிமிடம். கோப்பு 100 எம்பியை ஒட்டி வரும். 1.44 எம்பி வட்டுக்கு அது அபத்தமாகத் தோன்றலாம். ஆனால் நகல் தடுப்புக்காக வேண்டுமென்றே பிறழ வைத்த தடங்கள் சாதாரண இமேஜில் வருவதில்லை, இதில் வரும். பிறகு இதிலிருந்தே சாதாரண இமேஜ் பிரித்துக்கொள்ளலாம். மறுபடி வட்டைத் தொட வேண்டியதில்லை.

சிடி: ஐஎஸ்ஓ ஏன் உதவவில்லை

ஒரு சிடி செக்டர் 2,352 பைட். டேட்டா வட்டில் அது இப்படிப் பிரியும்: ஒத்திசைவு 12, முகவரி 4, உண்மையான டேட்டா 2,048, பிழை கண்டறியும் குறியீடு 4, வெற்றிடம் 8, பிழை திருத்தும் குறியீடு 276. ஐஎஸ்ஓ அந்த 2,048-ஐ மட்டும் எடுத்து மீதியை வீசிவிடுகிறது. ஆடியோ ட்ராக்கில் 2,352-உம் ஒலிதான். ஐஎஸ்ஓவில் அதற்கு இடமே கிடையாது. குவேக் வட்டில் 1-ஆம் ட்ராக் டேட்டா, 2 முதல் 11 வரை இசை. ஐஎஸ்ஓ எடுத்தால் முதல் ட்ராக் வரும், அவ்வளவுதான். மென்பொருள் ‘வெற்றி’ என்று சொல்லும், பிழைச் செய்தி எதுவும் வராது.

இதைக் கண்டுபிடிக்க மென்பொருளே வேண்டாம். வட்டின் அடிப்பக்கத்தைச் சாய்த்துப் பார்த்து எவ்வளவு தூரம் எழுதப்பட்டிருக்கிறது என்று கணித்து, அதை இமேஜ் அளவோடு ஒப்பிட்டாலே போதும். விளிம்புவரை நிரம்பிய வட்டுக்கு 80 எம்பி ஐஎஸ்ஓ வந்தால் மீதி எங்கே?

இரண்டாம் சுற்றில் எல்லாச் சிடிக்கும் விதிவிலக்கின்றி 2,352 பைட்டோடு மூலவடிவம், ட்ராக் விவரத்துக்குக் க்யூ கோப்பு, கூடவே சப்சேனல். படிக்க ரீடம்பர் என்ற கட்டளைவரி மென்பொருள். மூலவடிவத்தின் மறைமுக லாபம்: டேட்டா செக்டருக்குள் இருக்கும் 4 பைட் பிழைக் குறியீட்டை வைத்து, பத்து ஆண்டு கழித்தும் வட்டே இல்லாமல் இமேஜ் சரியா என்று சோதிக்கலாம்.

ஆடியோவில் இன்னொரு சிக்கல், டிரைவ் ஆஃப்செட். ஒரு செக்டரில் 588 சாம்பிள் (ஒலியின் ஒரு நேர அளவீடு). ஒவ்வொரு டிரைவ் மாடலும் ஆடியோவைச் சில சாம்பிள் முன்பின்னாகத் தருகிறது. +6, +667 போன்ற எண்கள் பரவலாகக் காணப்படும். 667 என்றால் ஒரு முழுச் செக்டருக்கும் மேலே. திருத்தாமல் எடுத்தால் கடைசி ட்ராக்கின் முனை வெட்டுப்படும், ஹேஷ் யாருடையதோடும் ஒத்துப்போகாது. காதுக்குத் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் எடுத்த ஆடியோ சரியா என்று உறுதி செய்ய நல்ல வழி, பலரும் எடுத்த வட்டுப் பிரதிகளின் விவரம் திரட்டும் ரெடம்ப் தரவுத்தளத்தில் உள்ள ஹேஷோடு ஒப்பிடுவது. அதற்கு ஆஃப்செட் சரியாக இருந்தாக வேண்டும். என் முதல் டிரைவுக்குத் திருத்த எண்ணைப் போட மறந்து ஆறு வட்டுகளைத் திரும்ப எடுத்தேன்.

வேகம்: 8 மடங்கு. 74 நிமிட வட்டுக்குக் கணக்குப்படி ஒன்பது நிமிடம் சொச்சம். 48 மடங்கில் விட்டால் பழைய வட்டுகள் அதிர்ந்து, நல்ல செக்டரும் பிழையாகப் பதிவாகிறது.

நகல் தடுப்பு உள்ளவை

வட்டைத் திறந்து கோப்புப் பட்டியலைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும். ஏழு பூஜ்யமும் ஒன்றும் பெயராகக் கொண்ட டிஎம்பி கோப்பு, சிஎல்சிடி16, சிஎல்சிடி32 என்ற டிஎல்எல் கோப்புகள் இருந்தால் அது சேஃப்டிஸ்க். சிஎம்எஸ்16, சிஎம்எஸ்_95 என்றிருந்தால் செக்யூரோம்.

சேஃப்டிஸ்க் வட்டின் தொடக்கப் பகுதியில் பல நூறு செக்டர்கள் வேண்டுமென்றே பிழையாக அச்சிடப்பட்டிருக்கும். முதல் சுற்றில் இவற்றைக் கீறல் என்று எண்ணி மூன்று வட்டுகளைத் தேய்த்துப் பளபளப்பாக்கினேன். வீண் வேலை. நிஜக் கீறலையும் வேண்டுமென்று வைத்த பிழையையும் பிரிக்க எளிய வழி உண்டு. இரண்டு டிரைவிலும் படித்துப் பிழைப் பட்டியலை ஒப்பிட வேண்டும். ஒரே எண்கள், ஒரே எண்ணிக்கை வந்தால் அது அச்சிலேயே உள்ளது. டிரைவுக்கு டிரைவ் மாறினால் கீறல் அல்லது அழுக்கு. இந்தப் பிழைகளைத் ‘திருத்தாமல்’ அப்படியே இமேஜில் வைக்க வேண்டும். திருத்திய இமேஜை கேம் போலி என்று தள்ளிவிடும்.

செக்யூரோமின் பழைய பதிப்புகளுக்கு சப்சேனல் அவசியம். பிந்தைய பதிப்புகள் வட்டில் டேட்டா எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கிறது என்பதையே அளக்கின்றன. அந்த அளவீட்டையும் சேர்த்துப் பதியும் எம்டிஎஸ்/எம்டிஎஃப் வடிவத்தில் இவற்றை இன்னொரு முறை எடுத்தேன். 19-இல் 7 வட்டுக்கு இரண்டு வடிவமும் வைத்திருக்கிறேன். இடம் வீண்தான், இருக்கட்டும்.

கீறலும் கறையும்

சிடியில் டேட்டா இருப்பது அடியில் தெரியும் பிளாஸ்டிக்கின் மறுபுறம், பெயர் அச்சிட்ட பக்கத்துக்குச் சில மைக்ரோமீட்டர் கீழே. ஆக, அடிப்பக்கக் கீறலைப் போக்கலாம், மேல்பக்கக் கீறலைப் போக்க முடியாது. டார்ச்சை வட்டுக்குப் பின்னால் பிடித்தால் ஊசித்துளை போல ஒளி தெரியும் இடமெல்லாம் அலுமினியம் போய்விட்ட இடம். டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடு இரண்டை ஒட்டி நடுவில் டேட்டா இருப்பதால் மேல்பக்கக் கீறலுக்கு அஞ்ச வேண்டாம். ஆனால் உறையின் நடுப்பல்லிலிருந்து வளைத்துப் பிடுங்கினால் ஒட்டுப் பிரியும். நடுப்பல்லை அழுத்தி, வட்டு தானாக எழும்பிய பின் எடுக்க வேண்டும்.

துடைப்பது எப்போதும் நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில். சுற்றிச் சுற்றித் துடைத்து, அதில் கீறல் விழுந்தால் அது ட்ராக்கின் போக்கிலேயே நீளும். சிடியின் பிழை திருத்தம் தொடர்ச்சியாகச் சுமார் 2.4 மில்லிமீட்டர் வரைதான் தாங்கும். குறுக்குக் கீறலை எளிதாகத் தாண்டும் லேசர், ட்ராக்கோடு ஓடும் மெல்லிய கீறலில் மாட்டிக்கொள்ளும்.

முதல் சுற்றில் பற்பசையை வைத்துத் தேய்த்தேன். பலரும் சொல்லும் வித்தை இது. பற்பசையின் துகள் சீராக இருப்பதில்லை. கீறல் போன இடத்தில் பால்மங்கல் வந்தது, பிழை கூடியது. இரண்டாம் சுற்றில் 2000 எண் நீர்த் தேய்ப்புத் தாள், தண்ணீரில் நனைத்து, கீறல் உள்ள பகுதியில் மட்டும், நடுவிலிருந்து விளிம்புக்கு; பின் 3000; பின் பிளாஸ்டிக்குக்கான பாலிஷ் பசை. வட்டுக்கு 25 நிமிடம். பற்பசை மங்கலும் இதில் போனது. ஐந்தில் நான்கு வட்டு முழுமையாகப் படித்தன. தேய்ப்பதற்கு முன் எவ்வளவு முடியுமோ அவ்வளவையும் படித்து வைத்துவிட வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

வெறும் டேட்டா உள்ள, நகல் தடுப்பு இல்லாத வட்டுக்கு டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள் உதவியது. 2,048 பைட் துண்டு, முதல் ஓட்டத்தில் கடினமான இடங்களைத் தாண்டிச் செல்லும் ஏற்பாடு, பிறகு மூன்று மறுமுயற்சி. எது படித்தது, எது விட்டது என்று அது குறித்து வைக்கும் வரைபடக் கோப்பை வைத்துக்கொண்டு அதே வட்டை இரண்டாவது டிரைவில் போட்டால், விட்டுப்போன செக்டர்களை மட்டும் தேடிப் போகும். ஒரு வட்டில் முதல் டிரைவ் 340 செக்டர் விட்டது. இரண்டாவது டிரைவ் அதில் 331-ஐ எடுத்தது. வட்டைக் கழுவி மறுநாள் போட்டதில் மீதி ஒன்பதும் வந்தன.

பல சிடி உள்ள பெட்டிகளில் இன்னொரு வில்லன்: தாங்கலாக வைத்த நுரைப் பஞ்சு. ஆண்டுகள் போனால் பிசுபிசுத்து வட்டில் ஒட்டிக்கொள்ளும். உடனே நீக்கிவிட்டு, வட்டை வெதுவெதுப்பான நீரில் ஒரு சொட்டுப் பாத்திர சோப்போடு ஊறவைத்தால் சுரண்டாமல் போகும். பெயர்ப் பக்கம் நனைவதால் அச்சு ஊறாமலிருக்க இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம்.

டிவிடி பற்றிச் சொல்ல அதிகமில்லை. ஆடியோ ட்ராக் தொல்லை கிடையாது, நகல் தடுப்பு இல்லாதவற்றுக்கு ஐஎஸ்ஓவே போதும். இரட்டை அடுக்கு வட்டுக்கு இமேஜ் 4.7 ஜிபியைத் தாண்டியிருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். அடுக்கு மாறும் இடத்தில் சோர்ந்த டிரைவ்கள் தடுமாறும்.

காகிதம்

முதல் சுற்றில் கையேடுகளைத் தொடவே இல்லை. மங்கி ஐலண்ட் 1990 பதிப்பு, பெட்டியில் வந்த சுழல் அட்டையைப் பார்த்துப் பதில் சொன்னால்தான் உள்ளே விடும். பிரின்ஸ் ஆஃப் பெர்சியா முதல் நிலை முடிந்ததும் கையேட்டின் குறிப்பிட்ட பக்கத்தில், குறிப்பிட்ட வரியில் உள்ள சொல்லின் முதல் எழுத்தைக் கேட்கும். அங்கே வட்டு இருந்தும் பயனில்லை.

எழுத்து மட்டும் உள்ள பக்கம் 300 டிபிஐ, அட்டையும் வரைபடமும் 600. 600-இல் ஒரு ஏ4 வண்ணப் பக்கம் சுருக்காமல் 104 எம்பி வரும், ஆகவே எல்லாவற்றுக்கும் அதே அளவு வைக்க வேண்டாம். துருப்பிடித்த ஸ்டேப்பிள் கம்பியை நிமிர்த்தி எடுத்துவிட்டுத் தாள்களைத் தட்டையாக ஸ்கேன் செய்தேன். கம்பியைத் திரும்பப் போடவில்லை. சுழல் அட்டையின் நடு ரிவெட்டைக் கழற்றினால் அட்டை கிழியும். ஒவ்வொரு நிலைக்கும் திருப்பித் திருப்பி ஸ்கேன் எடுத்ததே சரி. நிறுவல் எண் ஒட்டிய ஸ்டிக்கர்கள் மங்கிக்கொண்டே வருகின்றன. படமாகவும் எழுத்தாகவும் இரண்டு இடத்தில் பதிந்து வைத்தேன். பூஜ்யமா ஓ எழுத்தா என்று லூப் வைத்துப் பார்க்க வேண்டிவந்த எண்கள் நான்கு.

ஓட்டிப் பார்த்தல்

டாஸ் கேம்களுக்கு, பழைய டாஸ் கணினி போலச் செயல்படும் டாஸ்பாக்ஸ் மென்பொருள் க்யூ கோப்பையே ஏற்றிக்கொள்கிறது, இசையும் வருகிறது. விண்டோஸ் 8 முதல் உள்ள இமேஜ் ஏற்றும் வசதி ஐஎஸ்ஓவோடு சரி. க்யூ கோப்பை அதற்குத் தெரியாது. விண்டோஸ் 95, 98 காலத்துக் கேம்கள் பலவற்றில் கேம் 32 பிட், நிறுவி மட்டும் 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரலை ஓட்டாது. இவற்றுக்கு, பழைய கணினியையே மென்பொருளாக உருவாக்கும் 86பாக்ஸில் விண்டோஸ் 98 நிறுவி அங்கே ஓட்டினேன்.

சேஃப்டிஸ்க் கேம்கள் விண்டோஸ் 10, 11-இல் நேரடியாக ஓடாது. அந்தத் தடுப்பு நம்பியிருந்த செக்டிரைவ் என்ற டிரைவர் விண்டோஸ் 10-இல் கிடையாது. விஸ்டா, 7, 8, 8.1-இலும் 2015 செப்டம்பர் பாதுகாப்பு அப்டேட் அதை முடக்கியது. பழைய விண்டோஸில் அந்தச் சேவையைக் கையால் தொடங்கலாம். விளையாடி முடித்ததும் நிறுத்திவிட வேண்டும், அது பாதுகாப்பு ஓட்டை உள்ள டிரைவர். நான் இணையத்தில் இணைக்காத எக்ஸ்பி கணினி ஒன்றை இதற்கென்று ஒதுக்கினேன்.

பேட்ச் (பிழைதிருத்தும்) கோப்புகளை அந்தந்த கேமின் இமேஜ் பக்கத்திலேயே வைக்க வேண்டும். வட்டில் இருப்பது பெரும்பாலும் 1.0 பதிப்பு, முடிக்கவே முடியாத பிழைகளோடு வந்தவை உண்டு. கேம்ஸ்பை சேவை 2014 மே 31-இல் மூடியபோது பல கேம்களின் இணைய ஆட்டம் போனது. நேரடி ஐபி முகவரியில் இணையும் வசதி உள்ளவை மட்டும் இன்னும் ஆடலாம். எது எப்படி என்பதை கேமுக்கு ஒரு எழுத்துக் கோப்பாக எழுதி வைத்தேன்.

பெட்டியும் அலமாரியும்

பெரிய அட்டைப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது தவறு. அடியில் இருந்த மூன்றின் மூலை நசுங்கியது. இப்போது புத்தகம் போல நிற்கின்றன. உள்ளே வெற்றிடம் உள்ளவற்றுக்கு அமிலமற்ற அட்டையை உள்ளளவுக்கு 2 மில்லிமீட்டர் குறைத்து மடித்துச் செருகினேன். பிரிக்காத பெட்டிகளின் சுருக்கு உறை ஆண்டு போகப் போக இறுகி அட்டையை வளைக்கிறது. வளைவு தெரிந்த இரண்டில் உறையை வெட்டிவிட்டேன். சேகரிப்பாளர்கள் சிலர் இதற்குத் திட்டலாம்.

விலைச் சீட்டை உரிக்க ஹேர் டிரையரில் குறைந்த சூட்டில் 30 நொடி, பின் தாளை மிகத் தாழ்ந்த கோணத்தில் இழுக்க வேண்டும். மிஞ்சும் பசைக்கு நாப்தா (பெட்ரோலியக் கரைப்பான்). ஆல்கஹால் வேண்டாம், பூச்சில்லாத அட்டையின் மையை அது கிளப்பிவிடும். அடிப்பக்கத்தில் ஒரு மூலையில் சோதித்த பிறகுதான் எதையும் தொட வேண்டும்.

வட்டுகளுக்கு பிவிசி உறை வேண்டாம், அதிலிருந்து கசியும் மென்மையாக்கி வட்டில் படிகிறது. பாலிபுரோப்பிலீன் உறை நல்லது. ரப்பர் பேண்ட், ஒட்டும் லேபிள் இரண்டும் கூடாது. எழுதத்தான் வேண்டுமென்றால் நடுவிலுள்ள தெளிவான வளையத்தில், நீர் சார்ந்த மையால். சிடி, டிவிடி பராமரிப்புக்கு அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனம் 2003-இல் வெளியிட்ட வழிகாட்டி 4 முதல் 20 டிகிரி செல்சியஸ், 20 முதல் 50 சதவீத ஈரப்பதம் என்கிறது. வெப்பத்தை அந்த அளவில் வைப்பது கடினம். மூடும் பெட்டியும் சிலிக்கா ஜெல்லும் வைத்து ஈரப்பதத்தை 45-க்குள் நிறுத்த முடிந்தது. ஜெல்லை ஆறு வாரத்துக்கு ஒருமுறை சூடாக்கி உலர்த்த வேண்டியிருக்கிறது.

இமேஜ்கள் எல்லாம் சேர்த்து 300 ஜிபிக்குள் அடங்கின. அதில் ஏறக்குறைய 90 ஜிபி ஸ்கேன்கள். இரண்டு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று வேறொரு கட்டடத்தில். ஒவ்வொரு கேம் அடைவிலும் எஸ்ஹெச்ஏ-1 ஹேஷ் பட்டியல், 5 சதவீத பார்2 மீட்புக் கோப்பு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை முழு ஹேஷ் சோதனை, இரவில் விட்டால் காலைக்குள் முடியும்.

நேரக் கணக்கு: பிளாப்பி துடைப்பதோடு சேர்த்து 8 நிமிடம், சிடி 20, நகல் தடுப்புள்ள சிடி 45, கையேடு ஸ்கேன் பெட்டிக்கு ஒன்றரை மணி. கூட்டினால் காகிதம்தான் பாதிக்கு மேல் தின்கிறது. மறுபடி தொடங்கினால் ஸ்கேனை வட்டு படிக்கும் நேரத்திலேயே செய்வேன், தனி வேலையாக வைக்க மாட்டேன். கேமை ஓட்டிப் பார்ப்பதையும் கடைசிக்கு வைக்காமல் பத்துப் பத்தாகச் செய்வேன். முதல் சுற்றின் தவறு பத்தாவது வட்டிலேயே தெரிந்திருக்கும்.

பாக்கி மூன்று: பூச்சு உரிந்த பிளாப்பி, ஒட்டுப் பிரியத் தொடங்கிய ஒரு டிவிடி, மேல்பக்கம் ஊசித்துளை விழுந்து 212 செக்டர் கிடைக்காத ஒரு சிடி. மூன்றாவதற்கு அதே அச்சின் இன்னொரு பிரதி கிடைத்தால் அந்த 212-ஐ மட்டும் அதிலிருந்து எடுத்துச் சேர்க்கலாம். அட்டைப்படம் ஒன்றாக இருந்தாலும் அச்சு வேறாக இருக்கக்கூடும் என்பதால், வட்டின் நடு வளையத்தில் பொறித்த மேட்ரிக்ஸ் எண்ணை லூப் வைத்துப் படித்து அடைவின் பெயரோடு சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன்.